வெளியே வாய் வைத்த வண்டிகள்

சுற்றுலா வேனுக்கு உள்ளே பாட்டு வைத்தது போதாதென்று இப்போது வெளியேயும் வைக்கிறார்கள். பழைய கூம்புக் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, கூரையின் மேல் பெட்டி பெட்டியாகப் புதிய ஸ்பீக்கர்கள். அவற்றுக்கு ஈடுகொடுக்கப் புதிய ஆம்ப்ளிஃபயர். அதற்குத் தீனி போட இன்னொரு பாட்டரி. வண்டிக்குள் இருப்பவர்கள் கண்ணாடியைச் சாத்திக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியானால் வெளியே பாடுகிற பாட்டு யாருக்காக? வழியில் இருக்கிற உங்களுக்கும் எனக்கும்தான். கேட்காமலே கொடுக்கிற இந்தத் தானத்தை வேண்டாமென்று சொல்லத்தான் நமக்கு வழியில்லை.

பெரம்பலூர்க்காரர்களுக்கு இந்தத் தானம் சற்றுத் தாராளமாகவே கிடைக்கிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருஞ்சாலை அந்த ஊர் வழியாகப் போகிறது. அருகிலேயே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் அங்கே நடை திறக்கிறார்கள். அம்மனுக்காவது வாரத்தில் சில நாள் ஓய்வு உண்டு. சாலையோரத்தில் குடியிருப்பவனுக்கு ஏது?

கிழக்கே அரியலூருக்குப் போனால் கங்கைகொண்ட சோழபுரம், கள்ளங்குறிச்சிப் பெருமாள், ஏலாக்குறிச்சி மாதா என்று வேன்கள் வந்து நிற்கிற இடங்கள் பல. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் சுமக்கும் லாரிகளின் இரைச்சலே அந்த ஊருக்குப் போதும். கரைவெட்டி ஏரியை 2024-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் சேர்த்து உலகமே கௌரவித்தது. குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்கும் பறவைகளுக்குச் சத்தம் பிடிக்காவிட்டால் பறந்து போய்விடச் சிறகு இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனும் பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணும் எங்கே பறப்பார்கள்?

"எங்கள் வண்டி, எங்கள் காசு, எங்கள் பாட்டு" என்கிறார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் காது எங்களுடையது அல்லவா?

"வருஷமெல்லாம் உழைத்து ஒருநாள் கிளம்புகிறோம். அதையும் பொறுக்கமாட்டீர்களா?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இவர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டு. சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் குடும்பத்தோடு புறப்படுகிறவர்களுக்குப் பாட்டும் கும்மாளமும் கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் அவர்களுக்கு ஒருநாள்; சாலையோரத்து வீட்டுக்கோ ஒவ்வொரு வண்டியும் ஒருநாளாக வந்து, வருஷம் முழுவதும் அதே திருவிழா!

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி மண்டலம். அங்கே 50, 40. எழுத்து மூலமாக அனுமதி வாங்காமல் ஒலிபெருக்கியே கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் அது வாயைத் திறக்கக் கூடாது என்பதை 2005-இல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது.

வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு காடு மலை சுற்றும் பழக்கம் அமெரிக்காவில் உண்டு. அந்த வண்டிகளிலும் வெளிப்புற ஸ்பீக்கர் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டினால் குற்றம். கூடாரமடிக்கும் இடங்களில் அடங்கியிருக்க வேண்டிய நேரம், வேடிக்கையைப் பாருங்கள், அங்கேயும் இரவு 10 முதல் காலை 6 வரைதான். தூக்கம் எல்லாத் தேசத்திலும் ஒரே ஜாதி.

சரி, காசு செலவழிக்கிறவர்களாவது பிரயோஜனம் அடைகிறார்களா? அதுவும் இல்லை. கடைக்காரர் 'வாட்ஸ்' கணக்குச் சொல்லி மயக்குகிறார். 50 வாட்ஸை 500 ஆக்கினால் பாட்டு பத்து மடங்கு பெரிதாகக் கேட்காது. ஏறக்குறைய இரண்டு மடங்குதான் கேட்கும். நம் காதின் சுபாவம் அப்படி. தூரத்தின் கணக்கோ இன்னும் கண்டிப்பானது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறைகிறது. 2 மீட்டரில் கேட்கிற அதே அளவு 16 மீட்டரிலும் கேட்க வேண்டுமானால் 64 மடங்கு மின்சக்தி வேண்டும். ஆகவே ஸ்பீக்கரைப் பெரிதாக்குவதைவிடப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். மழைக்குத் தாங்கும் நல்ல ஸ்பீக்கர் சிறியதாக இரண்டு வாங்குங்கள். கூரையில் ஏற்றாமல் பக்கவாட்டில் மாட்டி, மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடும் உங்கள் ஜனங்களைப் பார்த்துத் தாழ்வாகத் திருப்பிவிடுங்கள். அவர்களுக்குப் பாட்டின் வார்த்தையும் புரியும். அடுத்த தெருவுக்குத் தொல்லையும் இராது. வண்டி ஓடும்போது வெளி ஸ்பீக்கருக்கு வேலையே இல்லை.

காது வலியைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது. மேட்டூர் நிரம்பி உபரி நீரைத் திறந்துவிடும்போது அந்த ஆறு எப்படிப் பெருகும் என்பது திருமானூர், திருமழபாடிப் பக்கத்தாருக்குத் தெரியும். 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் திருச்சியில் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களே சரிந்தன. அப்படிப்பட்ட சமயங்களில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று கரையோர ஊர்களில் எச்சரிக்கை சொல்லிக்கொண்டு போகும். வண்டியில் ஒலிபெருக்கி கட்டுவதற்கு உலகத்தில் நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

நாள்தோறும் பத்து வண்டி கத்திக்கொண்டு போகிற தெருவில் பதினோராவது வண்டியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? சத்தத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திப் பழகிய வீடு, "தண்ணீர் வருகிறது" என்ற குரலுக்கும் ஜன்னலைச் சாத்தித்தான் வைத்திருக்கும்.

அடுத்த முறை வேன் பேசி முன்பணம் கொடுக்கும்போது இருக்கை எத்தனை, ஏ.ஸி. உண்டா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "வெளி ஸ்பீக்கரைப் போடமாட்டீர்களே?" என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் வண்டிக்காரர் யோசிப்பார். நூறு பேர் கேட்டால் கழற்றியே வைத்துவிடுவார். அவரும் வியாபாரிதானே!