ரவுட்டருக்குப் பெயர் வைக்கும் முன்

வீட்டு ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஏதோ ஒரு மூலையில் 'டைனமிக் டி.என்.எஸ்.' என்றொரு பகுதி இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. கடையில் சிசிடிவி கேமரா மாட்டிவிட்டு, வீட்டில் உட்கார்ந்தபடி கல்லாவைப் பார்க்க நினைப்பவர்தான் ஒருநாள் அதைத் தேடி வருவார்.

விஷயம் எளியது. சாதாரண இணைப்புக்குக் கிடைக்கும் ஐ.பி. முகவரி நிரந்தரமல்ல, ரவுட்டரை அணைத்துப் போட்டாலே மாறிவிடலாம். இந்தச் சேவை தரும் ஒரு தளத்தில் பெயரைப் பதிந்து, அந்தக் கணக்கின் விவரத்தை ரவுட்டரில் கொடுத்துவிட்டால் போதும். முகவரி மாறும்போதெல்லாம் ரவுட்டரே புது முகவரியைத் தெரிவித்துவிடும். வெளியூரில் இருந்து பெயரை அடித்தால் கடை ரவுட்டர் வரை வந்து சேரலாம்.

ஆனால் முதலில் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வான்' ஐ.பி.யைப் பார்க்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் பெயர் வைத்துப் பயனில்லை. ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட வசதியாக 2012இல் இந்த எண்கள் ஒதுக்கப்பட்டன. இப்படிப்பட்ட இணைப்பில், அபார்ட்மெண்ட் கேட் வரை வந்த தபால்காரர் எந்த வீடு என்று தெரியாமல் திரும்பிப் போவார். இணைய நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டு வாங்குவதுதான் வழி. பலர் இதைப் பார்க்காமலேயே நாள் முழுக்க ரவுட்டரோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

பெயர் வைப்பதில் ஆபத்து ஒன்றும் இல்லை. அடுத்த வேலையாக, 'போர்ட் ஃபார்வர்டிங்' என்று கேமராவுக்குக் கதவைத் திறந்து விடுகிறார்களே, அதுதான் வம்பு.

டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதை இதற்குப் பொருத்தம். வீட்டுக் கணினிகளுக்கு இலவசமாக டைனமிக் டி.என்.எஸ். கொடுத்தே பெயர் வாங்கிய நிறுவனம் அது. பிறகு பெரிய வாடிக்கையாளர்கள் வந்தார்கள், 2014இல் இலவசம் நின்றது. (இலவசத்தை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் கவனிக்க!) 2016 அக்டோபர் 21 அன்று மிராய் என்ற நிரல் அந்த நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. தாக்கியவை என்ன தெரியுமா? கேமராக்கள், வீடியோ ரெக்கார்டர்கள், வீட்டு ரவுட்டர்கள்! மிராய் எந்தப் பெயரையும் தேடிப் போகவில்லை. கண்ட முகவரியை எல்லாம் தட்டியது. திறந்திருந்த இடத்தில், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகள் சுமார் 60ஐ ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான்.

ஆகவே கேமராவை நேராக வெளியே காட்டவே கூடாது. ரவுட்டரில் வி.பி.என். வசதி இருந்தால் அதை இயக்கி, அதற்கு மட்டும் வழிவிட்டு, அதன் வழியாகக் கேமராவைப் பார்க்கலாம். அப்போது டைனமிக் டி.என்.எஸ். பெயர் நிஜமாகவே உதவும். கேமரா மாட்ட வருபவர் இதையெல்லாம் சொல்வதில்லை. பாஸ்வேர்டையாவது மாற்றிக் கொடுங்கள் என்றால், "மறந்துட்டா என்னைக் கூப்பிடக் கூடாது சார்" என்பார். அதிலும் நியாயம் உண்டு. புதுப் பாஸ்வேர்டைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, நோட்டைக் கல்லாவிலேயே பூட்டி வைக்கலாம்.