முயலைக் கொல்லாத சிறுவன்



ஹிட்லரை வைத்து நகைச்சுவைப் படம் எடுக்கலாமா, அதை விசுவாசிகள் பார்க்கலாமா என்று வாலிபர் சிலர் கேட்டார்கள். 2019ஆம் ஆண்டு வெளியான 'ஜோஜோ ராபிட்' படத்தைக் குறித்த கேள்வி அது. பார்க்கலாம் என்பதே என் எண்ணம். வேதம் சிரிப்பை அறியாத நூல் அன்று. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை எலியா எவ்வளவு கேலி செய்தான் என்பதை 1 இராஜாக்கள் 18இல் வாசியுங்கள். பொய்த்தெய்வத்தின் மீதுள்ள பயம் சில வேளைகளில் பரியாசத்தினால்தான் உடைகிறது.

கதைநாயகன் ஜோஜோவுக்கு வயது பத்து. நாசி ஆட்சியில் அந்த வயதுப் பிள்ளைகள் ஹிட்லரின் இளைஞர் இயக்கத்தில் சேர்க்கப்பட்டனர். 1939 முதல் அது சட்டப்படி கட்டாயமாயிற்று. சீருடை, கத்தி, பாட்டு, முகாம். எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது? யூதருக்குக் கொம்பு உண்டு என்று அவன் உண்மையாகவே நம்புகிறான். அவனுடைய கற்பனைத் தோழன் ஹிட்லர். அந்த வேடத்தில் நடித்தவர், யூதத் தாயின் மகனாகிய இயக்குநர் டைக்கா வைட்டிட்டியே. ஆயினும் முகாமில் ஒரு முயலின் கழுத்தை முறிக்கச் சொன்னபோது ஜோஜோவின் கை எழவில்லை. அதனால் வந்த பட்டப்பெயரே படத்தின் பெயர்.

அவனுடைய தாய் ரோசியோ, எல்சா என்னும் யூதப் பெண்ணைத் தன் வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். எரிகோவின் ராகாப் வேவுகாரரைச் சணல் தட்டைகளுக்குள் மறைத்தது உங்களுக்கு நினைவு வரலாம். ஆனால் ராகாபின் வீடு தப்பியது, ரோசியோ தூக்கிலிடப்படுகிறாள். மகன் அவளுடைய காலணிகளைக் கண்டு அறிந்துகொள்ளும் அந்தக் காட்சியில் அரங்கின் சிரிப்பெல்லாம் அடங்கிவிடும். (படம் அந்த இராணுவத் தலைவனிடம் சற்று அதிகமாகவே இரக்கம் காட்டிவிட்டது என்பது என் குறை.)

இது ஜெர்மனியின் கதை மட்டுமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தலித் மாணவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யவேண்டுமென 2024 ஜூனில் பரிந்துரைத்தது. அந்தக் கயிற்றுக்கும் ஜோஜோவின் கைப்பட்டைக்கும் எவ்வளவு தூரம்?

நெல்லையிலும் தூத்துக்குடியிலும் இருந்து ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் பிழைக்க வந்த குடும்பங்கள் நம் சபையில் பல உண்டு. ஊர்க் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தோம் என்கிறோம். வரன் தேடும்போது, "கிறிஸ்தவர்தான், ஆனால் நம்ம ஆட்களா?" என்று மெல்லக் கேட்கிறோம். வரவேற்பறையில் அமர்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அது கேட்காதா? வீட்டில் உட்கார்ந்திருக்கையிலும் வழியில் நடக்கையிலும் பிள்ளைகளுக்குப் போதிக்கும்படி உபாகமம் 6 கட்டளையிடுகிறது. நாம் போதித்துக்கொண்டுதான் இருக்கிறோம், எதை என்பதுதான் கேள்வி. ஜோஜோவின் முகாமில் பாடம் உரக்க நடந்தது. நம் வீடுகளில் தணிந்த குரலில் நடக்கிறது.

பதின்வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து இப்படத்தைப் பாருங்கள், சிறியவர்களுக்கு வேண்டாம். முடிந்ததும் பிரசங்கம் செய்யாதீர்கள். உன் வகுப்பில் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறாய், யாரோடு சாப்பிடுவதில்லை, ஏன் என்று மட்டும் கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளையை அடுத்த ஞாயிறு மதியம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழையுங்கள்.