கோயில் சுவரில் இருப்பது நம் வீட்டுப் பத்திரம்

வேங்கிக்காலில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கிழக்கே இன்னாருடைய நஞ்சை, மேற்கே ஏரி வாய்க்கால், வடக்கே வண்டிப்பாதை என்று நான்கெல்லை எழுதியே காலம் போனது. தொழிலை விட்ட பிறகு, அந்தப் பழக்கத்தோடு அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளின் அச்சுப் பிரதிகளை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். பி.ஆர். சீனிவாசன் தொகுத்து, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வழியாக 1990-இல் வெளிவந்தவை அவை. கையில் எடுத்த சில நாட்களிலேயே எனக்குப் பிடிபட்டது, சுவரில் இருப்பவற்றில் பெரும்பகுதி பத்திரங்கள்தான் என்று. நிலம் விற்றது, தானம் எழுதியது, வரி நீக்கியது, ஆடுமாடு ஒப்படைத்தது. எல்லை உண்டு, சாட்சிக் கையெழுத்து உண்டு, எழுதியவன் பெயரும் உண்டு.

மன்னர் காலம் என்றதும் நம் மக்களுக்கு நினைவில் வருவது சினிமாவில் பார்த்த போர்க்களமும் அந்தப்புரமும்தான். கல்வெட்டிலும் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைச் சொல்லும் மெய்க்கீர்த்தி வரும். அதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்குக் கீழேதான் ஊர் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

ஒரு நந்தா விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சோழர் காலத்தில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு கொடுப்பார்கள். சில ஊர்களில் 90. ஆட்டை வாங்கிக்கொள்ளும் இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாமல் இருக்குமா? கிழடானதைக் கழித்துக் குட்டியைச் சேர்த்து, கணக்கில் எண்ணிக்கை குறையாமல் காட்ட வேண்டும் என்பது பொருள். கோமாரி வந்து மந்தையே போனாலும் கணக்கு நிற்கும். சூரிய சந்திரர் உள்ளவரை என்று எழுதிவிட்டதால், மகனுக்கும் பேரனுக்கும் அந்தக் கடமை போகும். தானம் செய்தவர் பெயரை நாம் வாசிக்கிறோம். ராத்திரியில் பட்டியில் படுத்து ஓநாய் விரட்டியவரையும் சேர்த்து வாசிக்க வேண்டாமா?

விளக்கு வழக்கிலும் வரும். வேட்டையில் குறி தவறிய அம்பு ஆள்மேல் பாய்ந்து உயிர் போன கதைகள் ஆர்க்காட்டுப் பகுதிக் கல்வெட்டுகளில் உண்டு. நாட்டார் கூடி விசாரிக்கிறார்கள். கொல்லும் எண்ணம் இல்லை என்று தெரிந்ததும், உயிருக்கு உயிர் கேட்காமல், செத்தவன் பெயரில் கோயிலில் விளக்கு வைக்கச் சொல்கிறார்கள். எண்ணத்தை எடைபோட்டுத் தண்டனை சொல்லும் பக்குவம் அன்றைக்கு இருந்திருக்கிறது.

ஆனால் பக்குவத்தை மட்டும் எடுத்துப் பொற்காலம் என்று மேடை போடுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. திருப்பாம்புரம் கல்வெட்டு ஒன்று போதும். மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1201. பஞ்சம். காசுக்கு மூன்று நாழி நெல் என்று விலை ஏறிவிட்டது. வெள்ளாளர் ஒருவர், தம் இரண்டு பெண்மக்களோடு தம்மையும் கோயிலுக்கு 110 காசுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். நானும் எத்தனையோ கிரயப் பத்திரம் எழுதியிருக்கிறேன். மகள் கல்யாணத்துக்காகப் பூர்வீகக் காணியை விற்றவர் கைநாட்டு வைக்கும்போது விரல் நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். விற்பவரும் விற்கப்படும் பொருளும் ஒருவரே ஆன பத்திரத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் விட்ட ஊர்களின் கணக்கையும் பாருங்கள். வரி நீக்கிய இடங்களாக ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு என்று எழுதிக்கொண்டே வந்து, கம்மாணச்சேரி, பறைச்சேரி என்றும் எழுதியிருக்கிறது. வயலில் இறங்கி உழைத்த சனம் அந்தக் கணக்கில் தனிச்சேரியாக நிற்கிறது. ஆள் பெயர் கிடையாது. ஆயிரம் ஆண்டு கழித்தும் எங்கள் பக்கத்து ஊர்களில் ஊர் வேறு, சேரி வேறாக இருப்பதைப் பார்க்கிறவன், அந்த வரியைச் சும்மா கடந்து போக முடியாது.

அரண்மனைப் பக்கமே போகாதவர்களுக்கும் எங்கள் மாவட்டத்தில் கல்லில் இடம் கிடைத்தது என்று பெருமையாகச் சொல்வேன். செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. அதில் எடுத்தனூர்க் கல் ஒன்று, மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காத்து நின்று செத்தவர் கருந்தேவக்கத்தி. பக்கத்திலேயே அவருடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி, அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் பதிந்திருக்கிறார்கள். சுமார் 1,400 ஆண்டுக்கு முந்திய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறோம்?

பிள்ளைகளிடம் சொல்லாதது ஒரு குற்றம். கல்லையே அழிப்பது பெருங்குற்றம். நான் பார்த்த ஒரு கிராமத்துக் கோயிலில் கும்பாபிஷேகத்துக்காக அடித்தளம் முழுக்க எனாமல் பெயின்ட் பூசி, எழுத்தின் பள்ளமெல்லாம் அடைபட்டுக் கிடந்தது. வேறு இடங்களில் மணல் வீச்சில் எழுத்தே உதிர்ந்து போயிருக்கிறது. பக்தியில் குறை சொல்ல மாட்டேன். பணம் கொடுத்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். ஆனால் அந்தச் சுவரில் அவர்கள் பாட்டன் பூட்டன் விட்ட நிலத்தின் எல்லை இருந்திருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு ஆவணத்தில் மை கொட்டினாலே ஊரைக் கூட்டுகிறோம். இதைக் கேட்க நாதியில்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. திருப்பணிக்குச் சாரம் கட்டும் முன்னே கல்வெட்டு முழுவதையும் படம் எடுத்துப் படியெடுக்க வேண்டும், அது முடிந்தது என்று எழுத்தில் வந்த பிறகே வேலை தொடங்க வேண்டும். முக்கியமான கல்வெட்டுக்குப் பக்கத்தில் இன்றைய தமிழில் பத்து வரிப் பலகை ஒன்றை அறநிலையத் துறை வைக்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் ஊர்க் கோயில் சுவருக்கு முன்னால் நிறுத்திப் பாடம் நடத்தலாம்.

நீங்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயிலைச் சுற்றும்போது கருவறையின் வெளிச்சுவரையும் அடித்தளத்தையும் குனிந்து பாருங்கள். எழுத்து தென்பட்டால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், சுண்ணாம்பு அடிக்க விடாதீர்கள். பக்கவாட்டு வெளிச்சம் விழும் காலை நேரத்தில் செல்போனில் படம் எடுத்து, ஊர்ப் பெயரோடு தொல்லியல் துறைக்கு அனுப்பி வையுங்கள்.