யார் வீட்டுச் சாவு?

புனே நகரில் முட்டா நதியைக் கடக்கும் பாலங்களில் ஒன்று ஓங்காரேஷ்வர் கோயிலை ஒட்டி இருக்கிறது. 2013 ஆகஸ்டு 20 அன்று காலை, அங்கே நடந்துகொண்டிருந்த 67 வயது டாக்டர் நரேந்திர தாபோல்கரை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் சுட்டுக் கொன்றார்கள். அன்றுமுதல் ஒவ்வொரு ஆகஸ்டு 20ஆம் தேதியும் அந்தப் பாலத்தில் ஆட்கள் கூடுகிறார்கள். பத்திரிகைக்காரர்களும் தவறாமல் வருகிறார்கள்.

அதே நகரின் கிழக்கே ஹடப்சரில் உள்ள ஒரு தெருவுக்கு அப்படியொரு தேதி வாய்க்கவில்லை. 2014 ஜூன் 2 இரவு, தொழுகை முடித்து நண்பருடன் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்த மொஹ்சின் ஷேக்கை ஒரு கும்பல் ஹாக்கி மட்டைகளால் அடித்துக் கொன்றது. சத்ரபதி சிவாஜியையும் பால் தாக்கரேயையும் இழிவுபடுத்தும் படங்கள் ஃபேஸ்புக்கில் வந்தன என்று நகரம் சில நாட்களாகவே கொந்தளித்துக்கொண்டிருந்தது. சோலாப்பூரிலிருந்து வேலைக்காக வந்து தங்கியிருந்த மொஹ்சினுக்கும் அந்தப் படங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தாடி இருந்தது, தலையில் தொப்பி இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

புனேயிலிருந்து அகமத்நகர் போகும் சாலையில் சணஸ்வாடி என்று ஓர் ஊர். 2018 ஜனவரி 1 அன்று, பீமா கோரேகாவ் போரின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர லட்சக்கணக்கான தலித் மக்கள் திரண்டிருந்தபோது அந்த வட்டாரத்தில் மோதல் வெடித்தது. சணஸ்வாடியில் ராகுல் ஃபடாங்களே என்ற மராட்டிய இளைஞர் கும்பலிடம் அகப்பட்டு இறந்தார். அவர் போட்டிருந்த மேற்சட்டையில் சிவாஜியின் படம் இருந்தது, அதைப் பார்த்துத்தான் தாக்கினார்கள் என்று விசாரணையில் சொல்லப்பட்டது.

சிவாஜியை யாரோ அவமதித்ததற்காக ஒருவர். சிவாஜியை உடுத்தியதற்காக இன்னொருவர். இருவரும் எதுவும் பேசியதாகவோ எழுதியதாகவோ செய்தி இல்லை.

தாபோல்கர் பேசினார், எழுதினார். மூடநம்பிக்கை ஒழிப்புக்கென்று அமைப்பு நடத்தினார். சானே குருஜி தொடங்கிய ‘ஸாதனா’ வார இதழுக்கு ஆசிரியராக இருந்தார். அவர் கேட்டு, பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்த சூனிய ஒழிப்புச் சட்டம், அவர் இறந்த சில நாட்களிலேயே அவசரச் சட்டமாக வந்தது. பத்மஸ்ரீயும் வந்தது. அவருக்காக எழுதியவர்கள் அவரைப் போலவே எழுதுகிறவர்கள். பேனா பிடித்தவன் சாவைப் பேனா பிடித்தவன் எழுதுவதில் தவறொன்றும் இல்லை. பின்னால் கோல்ஹாப்பூரில் கோவிந்த் பன்சாரே, தார்வாடில் கல்புர்கி, பெங்களூரில் கௌரி லங்கேஷ் என்று பட்டியல் நீண்டது. 2015இல் எழுத்தாளர்கள் அகாதெமி விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று கூட்டங்களில் அந்த நான்கு பெயர்களும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. பன்சாரேயுடன் சேர்த்துச் சுடப்பட்ட அவர் மனைவி உமா அந்த மூச்சில் வருவதில்லை. அவர் பிழைத்துக்கொண்டார் அல்லவா?

மொஹ்சினுக்கும் சில நாள் தலைப்புச் செய்தி கிடைத்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் அவரை ‘டெக்கி’ என்று எழுதின. துணி நிறுவனம் ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். அந்த ஒரு சொல் அவரை வாசகரின் பக்கத்து நாற்காலிக்காரராக்கியது. ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவராக இருந்திருந்தால் ‘கலவரத்தில் ஒருவர் பலி’ என்று முடிந்திருக்கும். சுட்டால் ‘படுகொலை’, கும்பல் அடித்தால் ‘அசம்பாவிதம்’. செய்தி அறைகளில் இந்த அகராதியை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் மனப்பாடம்.

ராகுலின் கதை வேறு வகை. பீமா கோரேகாவ் என்றால் இன்று நினைவுக்கு வருவது, அதன் பெயரால் தொடரப்பட்ட வழக்கில் கைதான வக்கீல்களும் பேராசிரியர்களும் கவிஞரும்தான். காவலில் இருந்தபடியே 2021 ஜூலையில் இறந்த ஸ்டான் சுவாமிதான். அவர்களைப் பற்றி எழுதியது நியாயம், இன்னும் எழுத வேண்டியதும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அங்கே இறந்தவர் யார் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்களே விழிக்கிறார்கள். அவர் பெயரைச் சொல்கிற இன்னொரு தரப்பும் உண்டு. கைதானவர்களைப் பற்றி யாராவது பேசினால், “ராகுலைப் பற்றி ஏன் பேசவில்லை?” என்று கேட்பார்கள். கேட்டு முடித்ததும் அவர்களும் மறந்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது எதிராளியின் வாயை அடைக்க ஒரு கல்.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர்கள், மாலை போட வந்த கட்சிக்காரர்கள். ராஜீவ் பெயர் தெரியும். கொன்றவர்கள் பெயரும், 2022 நவம்பரில் விடுதலையானவர்கள் பெயரும் தெரியும். அந்தப் போலீஸ்காரர்களில் ஒருவர் பெயரையாவது எத்தனை பேரால் சொல்ல முடியும்?

இதெல்லாம் பத்திரிகைகளின் பழக்கம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் பழக்கம் கோர்ட்டு வரைக்கும் போகிறது. 2017 ஜனவரியில் மொஹ்சின் கொலை வழக்கில் மூவருக்கு மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்தது. அவர்களுக்கு மொஹ்சினோடு தனிப்பட்ட பகை ஏதும் இல்லை, சம்பவத்துக்குச் சற்றுமுன் நடந்த கூட்டத்தில் மதத்தின் பெயரால் தூண்டப்பட்டார்கள், இறந்தவர் செய்த தவறு வேறு மதத்தில் பிறந்தது மட்டுமே என்று சொன்ன உத்தரவு, இதைக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குச் சாதகமான அம்சமாக எடுத்துக்கொண்டது.

இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். நிலத் தகராறில் பங்காளியை வெட்டுகிறவன் ஒருவனைத்தான் வெட்டுகிறான், அவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்பின் தெரியாதவனைத் தாடிக்காகவோ சட்டைக்காகவோ அடிக்கிறவனுக்கு அடுத்த தெருவில் வருகிறவனும் ஒன்றுதான். ஆபத்தானவன் இவன். இவனுக்குத்தான் ‘பகை இல்லை’ என்பது சலுகையாகிறது. தாபோல்கரைச் சுட்டவர்களுக்கும் அவரோடு வரப்புத் தகராறு இருந்ததில்லை. ஆனால் அதை அவர்களுக்குச் சாதகமாக எழுத யாருக்கும் கை வராது. தெரிந்த முகம் என்றால் நம்மால் அப்படி யோசிக்க முடியாது.

2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அந்த ஜாமீனை ரத்து செய்தது. முன்விரோதம் இல்லை என்று காட்டுவதே நீதிபதியின் நோக்கமாக இருந்திருக்கலாம், ஆனாலும் ஒரு சமூகத்துக்குச் சார்பாகவோ எதிராகவோ தொனிக்கும் சொற்களைக் கோர்ட்டுகள் எழுதக் கூடாது என்றது.

தாபோல்கர் வழக்கில் 2024 மே 10 அன்று இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, மூவர் விடுதலை. நீதிக்குப் பதினோரு ஆண்டு ஆயிற்று என்று தலையங்கங்கள் வருத்தப்பட்டன. மொஹ்சின் வழக்கில் அரசு நியமித்த பிரபல வக்கீல் உஜ்வல் நிகம் 2017இல் விலகிக்கொண்டார். அரசு அலுவலகங்களுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்த தகப்பனார் 2018 டிசம்பரில் இறந்துபோனார். 2023 ஜனவரி 27 அன்று புனே நீதிமன்றம், சாட்சியம் போதாது என்று குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. மொஹ்சினைக் கொன்றவர்கள் என்று இன்றைய தேதியில் சட்டத்தின் கணக்கில் ஒருவர்கூட இல்லை.