கோடாங்கி போனான், கோட்டணிந்தவர் வந்தார்!

உடுக்கையடித்துக் குறிசொன்ன கோடாங்கியை நாம் எள்ளி நகையாடினோம். அவன் முன்னே தலைகவிழ்ந்து அமர்ந்த தாய்மாரிடம், "அம்மா, இது ஏமாற்று" என்று எடுத்துரைத்தோம். நன்று! ஆனால் தோழர்களே, அந்தத் தாய்மார் பெற்ற பட்டதாரிகள் இன்று குளிர்பதன அரங்கிலே கண்மூடி அமர்ந்திருக்கின்றனர். "பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அழுத்துங்கள், நீங்கள் வென்ற நாளின் வீறு மீண்டும் உடலெங்கும் பாயும்" என்று ஒருவர் ஓத, அழுத்திக்கொண்டிருக்கின்றனர். அவர்களிடம் நாம் என்ன சொன்னோம்?

நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங் என்பது அவ்வித்தையின் பெயர், சுருக்கமாக என்.எல்.பி. 1970களில் கலிபோர்னியாவின் சாந்தாகுரூஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்த ரிச்சர்டு பாண்ட்லர், ஜான் கிரிண்டர் என்னும் இருவர் தொடங்கியது. வர்ஜீனியா சட்டிர், பிரிட்ஸ் பெர்ல்ஸ், மில்டன் எரிக்சன் போன்ற புகழ்பெற்ற உளநல வல்லுநர்கள் எப்படிப் பேசினர் என்று ஆராய்ந்து, அத்திறமையை எவரும் கற்கலாம் என்றனர். நோக்கம் பழுதன்று. வளர்ந்ததோ வணிகம்! முதற்படி பிராக்டிஷனர், அடுத்தது மாஸ்டர் பிராக்டிஷனர், அதற்கும் மேலே டிரெயினர். படிக்கொரு கட்டணம், படிக்கொரு சான்றிதழ். மனிதரைப் படிப்படியாய் நிறுத்துவது இந்நாட்டுக்குப் புதிதா என்ன?

ஆசிரியர்களுக்கென்று நடந்த ஒரு பயிற்சியில் நாமும் அமர்ந்திருந்தோம். "மாணவனின் விழி அவனுக்கு இடப்புறம் மேலே சென்றால் நினைவுகூர்கிறான், வலப்புறம் மேலே சென்றால் புனைகிறான்" என்றார் கோட்டணிந்தவர். அரங்கமே குறிப்பெடுத்தது. வெட்கத்தோடு ஒப்புகிறோம், நாமும் எடுத்தோம். மறுவாரம், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த ஒரு சிறுவன், "அம்மாவுக்குக் காய்ச்சல் சார், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகலை, தம்பியை நான்தான் பார்த்துக்கிட்டேன்" என்றான். விழி வலப்புறம் மேலே போயிற்று. பொய் என்று தீர்ப்பளித்து வெளியே நிறுத்தினோம். மாலையில் அவன் வீட்டுக்குச் சென்றோம். தாய் பாயில் சுருண்டு கிடந்தார். தம்பி அவன் இடுப்பிலே இருந்தான்.

பிறகுதான் படித்தோம். 2012ஆம் ஆண்டில் ரிச்சர்டு வைஸ்மனும் உடனாய்வாளர்களும், பொய் சொன்னோரையும் மெய் சொன்னோரையும் படம்பிடித்து இந்த விழிக்கணக்கைச் சோதித்தனர். பொருந்தவில்லை. விழிக்கணக்கைக் கற்றுக்கொண்டோர், கல்லாதோரைவிடப் பொய்யைக் கண்டுபிடிக்கவும் இல்லை! அதற்கும் முன்பே, 1988இல், அமெரிக்கப் படைத்துறையின் வேண்டுகோளின்படி ஆராய்ந்த தேசிய ஆய்வு மன்றம், பிறர் மனத்தை வயப்படுத்த இவ்வித்தை பயன்படுகிறது என்பதற்குச் சான்று இல்லையென்றே சொல்லத்தக்க நிலை என்று எழுதிற்று. அந்தச் சேதி எந்த அரங்கிலாவது ஓதப்பட்டதா?

நம் கோவில்பட்டியிலே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; நூற்றாண்டு கடந்தது. அங்கே ஒரு புதுச் சோளவிதை எப்படி மதிக்கப்படுகிறது? ஒரே நிலம், ஒரே மழை. புதுவிதைக்குப் பக்கத்திலேயே பழைய விதையையும் விதைக்கிறார்கள். ஒரு பருவத்தோடு விடுவதில்லை. பல பருவம், பல இடம். விளைச்சலை நிறுத்துப் பார்த்த பின்னரே, "நல்ல விதை" என்ற சொல். மானாவாரிக் காட்டிலே வானம் பார்த்து நிற்கும் உழவனுக்கு இந்த நேர்மை காட்டப்படுகிறது. அவன் மகனுக்கு மட்டும் சோதியாத விதையா?

இதைவிடக் கொடிது ஒன்றுண்டு. "தோல்வி என்பதே இல்லை, பின்னூட்டமே உண்டு" என்பது அவர்கள் மறை. கேட்க இனிது! பருத்தி கருகி, கடன் ஏறி, வேலை கிட்டாமல் நிற்பவனிடம் இதைச் சொன்னால் பொருள் என்ன? குறை மழையில் இல்லை, கூலியில் இல்லை, கல்வியில் இல்லை. உன் உள்ளத்தின் நிரலில் இருக்கிறது என்பதே! முற்பிறவி வினை என்றார் பழையவர். இப்பிறவி மனப்பான்மை என்கிறார் புதியவர். தலைவிதிக்குக் கழுத்துப்பட்டை கட்டிவிட்டால் பகுத்தறிவு ஆகிவிடுமோ?

கொள்ளத்தக்கது ஒன்றுமே இல்லையா எனின், உண்டு. "எனக்குக் கணக்கே வராது" என்னும் பிள்ளையிடம், "எந்தக் கணக்கு? எந்தப் படியில் தடுக்கிறது?" என்று துருவிக் கேட்கச் சொல்கிறார்கள். கேட்டோம், பின்னத்தில் நின்றிருந்தான், பத்து நாளில் தாண்டினான். நல்லாசிரியர் எவரும் திண்ணையிலேயே செய்தது இது. இதற்கு நரம்பின் பெயர் எதற்கு?

இலங்கையில் தாவரவியல் ஆசிரியராய் இருந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புத ஆற்றலைக் காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் என்று 1963இல் அறைகூவினார். 1978இல் அவர் மறையும் வரை வென்றார் எவருமிலர். நம்மிடம் இலட்சம் இல்லை. படிப்பகமும் நாற்பது இளைஞரும் உண்டு. கோட்டணிந்த பெரியீர்! சீட்டுக் குலுக்கி இருபது பேரை எடுத்துக்கொள்ளும். உம் உயர்நிலைத் திறனைப் புகட்டும். மற்ற இருபது பேருக்கு அதே அளவு நேரம் நாங்கள் படிக்கவும் பேசவும் பழக்குவோம். எவர் எந்த அணி என்றறியாத மூவர் மதிப்பெண் இடட்டும். கட்டணத்தைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.