கதிரைத் தின்னும் காற்று: கணக்குக் கேட்போம்!



இந்த நாட்டில் ஆண்டுதோறும் ஒரு பயிர்க்கொள்ளை நடக்கிறது. கொள்ளையன் கண்ணுக்குத் தெரியமாட்டான், வருவதோ பட்டப்பகலில். அவன் பெயர் ஓசோன்.

வானத்து உச்சியில் வெயிலின் கொடிய கதிர்களைத் தடுப்பதும் இதே ஓசோன்தான். ஆனால் தரையோரத்தில் அது நஞ்சு. எந்தப் புகைக்குழாயும் அதை நேராகக் கக்குவதில்லை. லாரி, கார், அனல் மின் நிலையம் ஆகியவற்றின் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள், பெட்ரோல் ஆவி போன்றவற்றோடு வெயிலில் கூடும்போது அது பிறக்கிறது. நகரத்துப் புகை காற்றோடு போய், பல மைலுக்கு அப்பால் வயலில் நஞ்சாக இறங்குகிறது. இலையின் நுண்துளை வழியே புகுந்து பச்சையத்தைக் கெடுக்கிறது. இலை காலத்துக்கு முன்பே பழுக்கிறது, மணி சிறுத்துப்போகிறது. உழவன் விதையை நொந்துகொள்வான், மண்ணை நொந்துகொள்வான். தான் ஏறியே பார்க்காத காரை நொந்துகொள்ள அவனுக்குத் தெரியாது.

நஷ்டம் எவ்வளவு? புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகளும் மற்றவர்களும் 2014இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். 2005ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 35 லட்சம் டன் கோதுமையும் 21 லட்சம் டன் அரிசியும் போயின. ஏழைகள் 9 கோடியே 40 லட்சம் பேருக்குப் போதுமான தானியம் அது! 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஓர் ஆண்டு ரேஷனுக்கு வேண்டியதில் நூற்றுக்கு 9 பங்கு!

“வளர்ச்சி வேண்டுமென்றால் புகையைப் பொறுத்துக்கொள்” என்கிறார்கள். யாருடைய வளர்ச்சி? விளைச்சல் குறைந்தால் கடனும் குறைகிறதா? கடன் முற்றினால் என்ன ஆகும் என்பதை ஊரை விட்டு ரயிலேறி வந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏழையின் விறகடுப்பையும் வைக்கோல் தீயையும் காட்டித் தப்பப் பார்ப்பார்கள். அந்தப் புகையும் சேரத்தான் செய்கிறது; நாம் மறைக்கவில்லை. ஆனால் பெரிய இடத்துக்கு மட்டும் சலுகை ஏன்? மின் நிலையங்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 2015இல் வந்தது. 2017க்குள் நிறைவேற்ற வேண்டும் என்றார்கள். பிறகு தவணைமேல் தவணை. 2020இல், 2003க்கும் 2016க்கும் இடையே அமைந்த நிலையங்களுக்கு 300 மில்லிகிராம் வரம்பை 450 ஆகத் தளர்த்தினார்கள். ரேஷன் கடையில் கால் கிலோ கூடக் கேட்டால் நமக்கு இப்படித் தளர்த்துவார்களா?

2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் நகரத்துத் தூசிக்குத்தான் இலக்கு வைத்தது. ஓசோனுக்கு இலக்கு இல்லை. 

நாம் கேட்பது இதுதான்: வயல்வெளிகளில் ஓசோனை அளந்து, மாநில மொழிகளில் வெளியிடு! பயிருக்கென்று தனி வரம்பு வை! மின் நிலையச் சலுகைகளை ரத்து செய்! தனிக் காருக்குப் பாதை போடும் பணத்தைப் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் திருப்பு!

புகை அவர்களுடையது, பறிபோவது நம் சோறு. அடுத்த மாதக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள். கணக்குக் கேட்போம்!