அரைப் புள்ளியும் புள்ளிதான்

(மூன்றாம் ஆண்டு கணிதவியல் மாணவன்)

சதுரங்கத்தில் வெற்றியைப் போற்றுவோர் பலர். தோல்விக்கு இரங்குவோர் சிலர். டிராவை மதிப்போரைக் காண்பது அரிது. கைப்பேசிக்குள் கணினி வந்து உட்கார்ந்த பிறகு அந்த அரைப் புள்ளிக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது.

ஆட்டம் முடிந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை என்ன? நகர்த்தல்களைக் கைப்பேசியில் தட்டிப் பார்ப்பதுதான். திரையில் பூஜ்யம் தெரிந்தால், "இது யார் ஆடினாலும் டிராதான்" என்பார்கள். எதிரிக்கு இரண்டு புள்ளி சாதகம் என்று தெரிந்தால், "நீ தோற்றிருக்க வேண்டியவன், அவன் விட்டுவிட்டான்" என்பார்கள். நான்கு மணி நேரம் உட்கார்ந்து ஆட்டத்தைக் காத்தவனுக்கு எப்படிப் பார்த்தாலும் பெருமை கிடையாது. இது நியாயம்தானா, நண்பர்களே?

யானைகளும் சில சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். யானைக் கட்டங்கள் எல்லாமே டிராதான் என்று மூத்த ஆட்டக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 2013 நவம்பரில் நம் சென்னையிலேயே, தேனாம்பேட்டை ஓட்டல் ஒன்றில், ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். முதல் நான்கு ஆட்டங்களும் டிரா. ஐந்தாவதில் யானைக் கட்டம் வந்தது. 45-ஆம் நகர்த்தலில் ஆனந்த் யானையால் ஒரு செக் வைத்தார். அதற்குப் பதில் யானையைப் பலகையின் மூலைக்குக் கொண்டுபோயிருந்தால் ஆட்டம் டிரா. மறுநாள் ஆறாவது ஆட்டம். மறுபடியும் யானைக் கட்டம். 60-ஆம் நகர்த்தலில் சிப்பாயைத் தள்ளியிருந்தால் தப்பியிருக்கலாம். அவர் யானையை நகர்த்தினார். இரண்டு நாளில் இரண்டு தோல்வி. பட்டம் 6½க்கு 3½ என்று கைமாறியது. ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற மேதைக்கே நழுவிய டிராவை எளிதென்று எப்படிச் சொல்வது?

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையே மேல் அயனம்பாக்கத்தில் உள்ள பள்ளியில் படித்த குகேஷ், 12-12-2024 அன்று சிங்கப்பூரில் 18 வயதில் உலகப் பட்டம் வென்றார். நாம் பட்டாசு வெடித்தோம். ஆனால் அந்தப் பதினான்காவது ஆட்டத்தில் கணினி சொன்னது என்ன? சமம் என்றுதான்! குகேஷுக்கு ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். இருவரிடமும் யானையும் பிஷப்பும் இருந்தன. 55-ஆம் நகர்த்தலில் டிங் லிரென் யானைகள் வெட்டுப்பட வழிவிட்டார், பிஷப்புகளும் வெட்டுப்பட்டன, ஆட்டம் முடிந்தது. கணினிக்குச் சமமாக இருந்தது, களைத்த மனிதருக்குச் சமமாக இல்லை. டிங் அன்று டிரா செய்திருந்தால் அதை "சும்மா டிரா" என்றா சொல்லியிருப்போம்?

மறுபுறமும் உண்டு. யானையோடு பிஷப் வரிசைச் சிப்பாயும் அதே பக்கத்து ஓரச் சிப்பாயும் ஒருவரிடம். மற்றவரிடம் வெறும் யானை. கணினி தன் கணக்கில் பெரிய சாதகம் காட்டக்கூடும். சரியாக ஆடினால் பெரும்பாலும் அது டிராதான். ஏழு காய்கள் வரையிலான நிலைகளுக்கு முற்றான விடை கண்டு பட்டியல் செய்தது மாஸ்கோவில் 2012-இல்தான். அதற்கு வெகு காலம் முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டில், பிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒற்றைச் சிப்பாயை எதிர்த்து நிற்கும் வழியைக் காட்டிவிட்டார். நம் ராஜா சிப்பாயின் வழியை மறித்துக் கடைசி வரிசையில் நிற்க வேண்டும். நம் யானை மூன்றாம் வரிசையில் நின்று எதிரி ராஜாவை நுழையவிடாமல் தடுக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த கணமே யானை மறுகோடிக்கு ஓடிப் பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்னரே ஓடினால் தொல்லை, தாமதித்தால் தோல்வி. இதைக் கைப்பேசி சொல்லித் தருவதில்லை; எண்ணை மட்டும் காட்டுகிறது.

கணினி வேண்டாம் என்பதல்ல என் வாதம். நானும் பார்ப்பவன்தான். ஆனால் அந்த எண்ணை ஆடியவனுடைய மதிப்பெண்ணாக ஆக்குவது தவறு. கல்லூரி அணித் தேர்வில் வெற்றிகளை மட்டும் எண்ணும் பழக்கமும் அந்த மனப்போக்கோடு சேர்ந்ததே. ஆவடியிலிருந்து பஸ் ஏறி வந்து, தன்னைவிட வலியவனிடம் ஒரு சிப்பாய் குறைவாக எழுபது நகர்த்தல் தாக்குப்பிடித்தவன், பலவீனமானவனை இருபதே நகர்த்தலில் வீழ்த்தியவனுக்குப் பின்னால் நிற்க வேண்டுமா? அடுத்த தேர்வில் அரைப் புள்ளிகளையும் கூட்டட்டும். நகர்த்தல் தாள்களையும் வாங்கிப் பார்க்கட்டும். விளையாட்டுத் துறைப் பேராசிரியர்களிடம் நான் கேட்பது இவ்வளவே.